மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுக்கும் முன்

முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் நம் வீடுகளில் எல்லாப் பேச்சும் பட்டுப்புடவையைச் சுற்றித்தான். முகூர்த்தப் புடவை என்ன நிறம், ரிசப்ஷன் புடவை என்ன நிறம், மாட்டுங்காவிலேயே எடுத்துவிடுவதா, ஊருக்குப் போகும்போது காஞ்சிபுரம் வரை ஒரு நடை போய் வருவதா என்று சித்தி, பெரியம்மா, அத்தை எல்லோரும் கூடி மாதக்கணக்கில் ஆலோசிப்பார்கள். மாப்பிள்ளையின் கோட்டும் டையும் மட்டும் கடைசி வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கடை சாத்த அரை மணி நேரம் இருக்கும்போது முடிவாகும். கூடப் போன மைத்துனர் "இது நல்லாத்தான் இருக்கு அத்தான்" என்பார். அத்தோடு சரி.

பிறகு அந்தக் கோட்டு ஆல்பத்தில் ஐம்பது வருஷம் இருக்கும். தோள் இரண்டு விரற்கடை கீழே தொங்க, கை நீண்டு விரல்களை மூட, டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட, இரவல் உடையில் நாடகத்துக்கு வந்தவர் போல மாப்பிள்ளை நிற்கும் படம் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. துணிக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் குறைவில்லை. சட்டை, டை, ஷூ, பெல்ட் எல்லாம் சேர்த்தால் சாதாரணச் சம்பளக்காரருக்கு ஒரு மாத வருமானம் கரைந்துவிடுகிறது. விஷயம் தெரியாமல் போனதுதான் குறை.

அந்த ஒரு மாத வருமானம் யாருடையது என்பதையும் பேசிவிட வேண்டும். மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துப் பிராமணக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை ஜானவாசம் நடக்கும். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு காரில் ஊர்வலம் வருவார். அந்தக் கோட்டு பெண் வீட்டார் எடுத்துக் கொடுப்பது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் ரிசப்ஷன் கோட்டு பல இடங்களில் பெண்ணைப் பெற்றவர் கணக்கில்தான் எழுதப்படுகிறது. நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் என்று வேர் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் கோயிலில் தாலி கட்டும் வேளையிலேயே மாப்பிள்ளை கோட்டும் டையுமாகத்தான் நிற்பார். அங்கே இது ஆடம்பரம் அல்ல, முகூர்த்த உடை. எந்தக் குடும்பமானாலும், "பெரிய கம்பெனித் துணிதான் வேண்டும், இன்ன கடையில்தான் தைக்க வேண்டும்" என்று மாப்பிள்ளை வீட்டார் பட்டியல் போடும்போது அது யார் வீட்டு நகையை அடகுக்கு அனுப்பும் என்பதை யோசிப்பதில்லை. தன் கோட்டைத் தன் சம்பளத்தில் எடுத்துக்கொள்ளும் மாப்பிள்ளைகள் இப்போது கூடிவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு: தன் பணம் என்றால் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குவார்கள்.

முதலில், கோட்டு வேண்டுமா?

வேட்டி சட்டை கட்டிப் போனால் மதிப்பில்லை என்று நினைத்து கோட்டுக்குள் நுழைபவர்களுக்கு ஒரு செய்தி. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு உயர்நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வேட்டியுடன் வந்தார். கிளப் விதிப்படி வேட்டிக்கு அனுமதியில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சட்டசபை வரை அமளி. அடுத்த மாதமே, வேட்டி கட்டியவரைக் கிளப்புகளிலும் பொது இடங்களிலும் தடுக்கக்கூடாது என்று தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது. உலகத்தின் பெரிய மேடைகளிலும் அவரவர் நாட்டு உடைக்கு இடம் உண்டு. சர் சி.வி. ராமன் தலைப்பாகையை வெளிநாட்டிலும் விட்டவரல்லர். 2019 டிசம்பரில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை வாங்க வந்த அபிஜித் பானர்ஜி, மூடிய கழுத்துக் கோட்டும் வேட்டியுமாக ஸ்டாக்ஹோம் மேடையில் நின்றார். பக்கத்தில் மனைவி எஸ்தர் டுஃப்லோ புடவையில். ஆகவே நல்ல பட்டு வேட்டி கட்டி ரிசப்ஷனில் நிற்க விரும்பும் பையனை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

அதே சமயம், "கோட்டு வெள்ளைக்காரன் உடை, நமக்கு எதற்கு" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தபோது டை கட்டவும் வகிடு எடுக்கவும் தினமும் பத்து நிமிஷம் கண்ணாடி முன்னால் செலவிட்டதை காந்திஜியே தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அவர்தான் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில், சட்டையையும் தொப்பியையும் விட்டு அரை ஆடைக்கு மாறினார். உடுத்தத் துணியில்லாத ஏழையோடு தம்மைச் சேர்த்துக்கொள்ள அவர் களைந்தார். நல்ல உடை உடுத்தவே கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டவர்களின் பிள்ளையான டாக்டர் அம்பேத்கரோ, கோட்டையும் டையையும் எடுத்து அணிந்தார். 1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனும்தான் சென்றார்கள். இன்று இந்த மும்பையில் எந்த மூலைக்குப் போனாலும் அம்பேத்கர் சிலை நீலக் கோட்டில்தான் நிற்கிறது. 2016இல் வந்த 'கபாலி' படத்தில் ரஜினிகாந்த் அணிந்த கோட்டைப் பற்றி தாராவி இளைஞர்கள் அவ்வளவு பேசியதற்கும் இதுதான் காரணம். ஒருவருக்கு ஆடம்பரமாகத் தெரிவது இன்னொருவருக்குத் தலை நிமிர்வு.

நம் பாண்டுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்.பி.எஸ். மார்க் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தலைமுறை காக்கி யூனிபாரத்தில் காலத்தை ஓட்டியது. அவர்கள் பிள்ளைகள் பவாயிலும் ஐரோலியிலும் கண்ணாடிக் கட்டிடங்களுக்கு இன்டர்வியூவுக்குப் போகிறார்கள். கோட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்க முடியாது. அப்பாவுக்கு அது வாய்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இந்தக் கட்டுரை.

கோட்டு வேண்டாம், வேட்டியும் வேண்டாம் என்பவர்களுக்கு இடைவழி ஒன்று உண்டு. கழுத்துவரை பொத்தான் போட்ட ஜோத்பூர் கோட்டு, அதாவது பந்த்கலா. டை தேவையில்லை. சற்றே கனத்த உடம்புக்காரர்களுக்கும் கழுத்து நீண்டவர்களுக்கும் அது எடுப்பாக இருக்கும். பாரதியார் படத்தில் நாம் பார்க்கும் கோட்டும் தலைப்பாகையும் நினைவிருக்கிறதல்லவா? அந்தக் காலச் சென்னை வக்கீல்கள் பஞ்சகச்சத்தின் மேலேயே கோட்டு போட்டு நீதிமன்றம் போனார்கள். கலப்பு என்பது நமக்குப் புதிதல்ல.

நிறம்: கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள்

துணிக்கடையில் நம் பையன்களைப் பார்த்ததும் விற்பனையாளர் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் நிறம் கம்மி, லைட் கலர் எடுத்தா தூக்கிக் காட்டும்" என்று கிரீம் நிறத்தையோ பளபளக்கும் சாம்பல் நிறத்தையோ மேஜையில் விரிப்பார். கூட வந்த அம்மாவும் தலையாட்டுவார். இந்தப் பேச்சு தப்பு மட்டுமல்ல, விஷயமும் நேர்மாறானது.

காரணம் கேளுங்கள். தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும் கேமரா, படத்தில் வெளுப்பான பரப்பு அதிகமாக இருந்தால் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். கிரீம் கோட்டு, வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைப் பூ அலங்காரம் என்று எல்லாம் சேர்ந்தால் கோட்டு அழகாக விழும், முகம் இருண்டுவிடும். கருநீலம் அல்லது கரிச்சாம்பல் நிறக் கோட்டு என்றால் அந்தச் சிக்கல் குறைவு. முகம் முகமாகவே தெரியும். அத்தோடு, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அழுத்தமான நிறங்கள் ஒட்டுகிற மாதிரி வெளிறிய நிறங்கள் ஒட்டுவதில்லை. கருநீலம், அரக்கு, கரும்பச்சை எல்லாம் நம் தோலில் உட்காருகிற அழகை வேறு தோலில் பார்க்க முடியாது. முகத்தில் பவுடரைக் கொட்டி கிரீம் கோட்டுப் போட்ட மாப்பிள்ளையைவிட, கழுவித் துடைத்த முகத்தோடு கருநீலத்தில் நிற்பவர் பத்து மடங்கு லட்சணமாக இருப்பார்.

ஆயுளில் ஒரே ஒரு கோட்டுதான் எடுக்க முடியும் என்றால் கருநீலம் எடுங்கள். ரிசப்ஷனுக்கும் ஆகும், கோயிலுக்கும் ஆகும், மறுமாதம் இன்டர்வியூவுக்கும் பட்டமளிப்புக்கும் ஆகும். இரண்டாவது எடுக்கும் வசதி வந்தால் கரிச்சாம்பல். கன்னங்கரேல் என்ற கறுப்பு இரவு விருந்துக்கு எடுப்பு, பகலில் கொஞ்சம் வறட்சி. ஜரிகை நூல் ஓடும் துணி, வெல்வெட் காலர், கல் பதித்த பொத்தான் இவை அன்றைய ஒரு மாலைக்கு மட்டும்தான். மறுபடி எங்கே போடுவது? பீரோவில் அது நாப்தலின் உருண்டையோடு குடித்தனம் நடத்தும்.

துணி

"வேகிற வெயிலில் கம்பளியா?" என்று கேட்காதவர் இல்லை. சபாரி சூட் காலத்திலிருந்து பாலியஸ்டர் பழகிப்போனதால் வந்த பயம் இது. உண்மையில் மெல்லிய நூலில், இடைவெளி விட்டு நெய்த கம்பளித் துணி காற்றை விடும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பாலியஸ்டருக்கு அந்தக் குணம் இல்லை. வேர்வை உள்ளேயே நின்று முதுகில் ஓடும். வைகாசியில் திருநெல்வேலியில், ஏசி இல்லாத மண்டபத்தில், வீடியோ விளக்கின் முன்னால் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

துணியின் கரையில் என்ன கலப்பு என்று பெரும்பாலும் அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும். முழுக் கம்பளி கைக்கு எட்டாவிட்டால் பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த டெர்ரி ஊல் எடுக்கலாம், கசங்காது, உழைக்கும். அதற்கும் கீழே டெர்ரி ரேயான். ஒருநாள் உடுத்த அது போதும், ஆனால் டெர்ரி ஊல் விலையை அதற்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சூப்பர் 100, சூப்பர் 120 என்று எழுதியிருப்பது தரச் சான்றிதழ் அல்ல, இழையின் மென்மைக் கணக்கு. 100 என்றால் கம்பளி இழையின் பருமன் 18.75 மைக்ரானுக்கு மேல் போகாது; 120 என்றால் 17.75. நம் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் என்றால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எண் ஏற ஏறத் துணி வழவழப்பாகும், விலை ஏறும், கூடவே சீக்கிரம் கசங்கும், தேயும். லோக்கல் ரயிலில் தோளோடு தோள் உரசிப் போகிற நமக்கு 100, மிஞ்சினால் 120 தாராளம்.

கம்பளித் துணி என்றதும் தாணே நினைவுக்கு வராமல் போகாது. பாண்டுப்பிலிருந்து நாஹூர், முலுண்ட் தாண்டி மூன்றாவது ஸ்டேஷன். 1925இல் அங்கே தொடங்கிய ஆலைதான் ரேமண்ட். 1944இல் சிங்கானியா குடும்பத்தின் கைக்கு வந்து, இந்தியா முழுக்க மாப்பிள்ளைத் துணி என்றால் அந்தப் பெயர் என்று ஆனது. அந்த ஆலை இப்போது ஓடுவதில்லை. அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. மும்பையின் மில்கள் எல்லாவற்றுக்கும் நேர்ந்த கதை இது. துணி மட்டும் வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மொத்தக் கடைகளில் பல கம்பெனித் துணிகளையும் ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்கலாம். கோட்டும் பேண்டும் தைக்க 58 அங்குல அகலத் துணியில் மூன்று முதல் மூன்றேகால் மீட்டர் தேவைப்படும். உயரமானவர், கட்டம் போட்ட துணி எடுப்பவர் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளித்துணிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு உள்ளே வைக்கும் லைனிங்கை மாஸ்டர் கையில் விட்டுவிடுகிறோம். அவர் வழுவழு பாலியஸ்டர் ஒன்றை முழுதும் வைத்துத் தைத்துவிடுவார். கம்பளி விடுகிற காற்றை அது அடைத்துவிடும். "விஸ்கோஸ் லைனிங், முதுகில் பாதி மட்டும்" என்று சொல்லி எழுதி வாங்குங்கள். கோட்டுக்குள் புழுங்குவதில் பாதிப் பழி இந்த லைனிங்குக்குத்தான் சேரும்.

தைப்பதா, ரெடிமேடா?

உடம்பு கடை அளவுக்கு ஒத்துவந்தால் ரெடிமேடே நல்லது. போட்டுப் பார்த்து வாங்கலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வரலாம். தைப்பது என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்பே கொடுத்து, முழுத் தையல் விழுவதற்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். கோட்டு தைக்கும் மாஸ்டர் வேறு, பேண்ட் சட்டை மாஸ்டர் வேறு. தெருமுனைத் தையல்காரர் நல்ல மனிதராக இருக்கலாம். முதல் கோட்டை உங்கள் துணியில் பழக வேண்டாம்.

எதில் எடுத்தாலும் முதலில் தோளைப் பாருங்கள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். வயிற்றைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை மடிக்கலாம்; தோளை மட்டும் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. அண்ணன் கோட்டைத் தம்பி போடுவதும், நண்பனிடம் இரவல் வாங்குவதும் தோள் ஒத்துவந்தால்தான். அடுத்து கழுத்து. கோட்டின் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. பின்னால் சட்டைக் காலர் அரை அங்குலம் தெரிய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கோட்டுக் கைக்குக் கீழே சட்டைக் கை கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் எட்டிப் பார்க்க வேண்டும். கோட்டின் நீளம் பின்பக்கத்தை மூடினால் போதும், முழங்காலை நோக்கி இறங்க வேண்டாம். பொத்தான் போட்டுப் பாருங்கள்: வயிற்றில் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் விழுந்தால் இறுக்கம்.

போட்டுக்கொண்டு நிற்பதோடு விடாதீர்கள். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், கும்பிடுங்கள். நம் மாப்பிள்ளை அன்று ஐந்நூறு பேருக்குக் கை கூப்ப வேண்டியவர், பெரியவர்கள் காலில் விழ வேண்டியவர். குனிந்து எழும்போது பேண்ட் என்ன சொல்கிறது என்று கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது. உள்மடிப்பில் ஒன்றரை அங்குலத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கல்யாணம் முடிந்த ஆறு மாத விருந்து உபசாரத்தில் மாப்பிள்ளை ஒரு சுற்றுப் பெருப்பது நம் குலவழக்கம்.

டை

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக்குக் கூலிக்குப் போர் செய்ய வந்த குரோவேஷியச் சிப்பாய்கள் கழுத்தில் கட்டிய துண்டுதான் இதன் மூதாதை. அந்த நாட்டுப் பெயரே திரிந்து பிரெஞ்சில் 'கிராவட்' ஆயிற்று. இன்றைய வடிவம் 1920களில் நியூயார்க்கில் வந்தது. ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்பவர் துணியைக் குறுக்குவசத்தில் வெட்டி மூன்று துண்டாகத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் டை முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்க ஆரம்பித்தது. கடையில் டையின் மெல்லிய முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக முறுக்கிக்கொண்டால் வெட்டு சரியில்லை, வைத்துவிடுங்கள்.

நிறத்துக்கு ஒரே விதி போதும்: டை சட்டையைவிட அழுத்தமாக இருக்க வேண்டும். சட்டை வெள்ளையாக இருந்தால் எந்த டையும் தவறாகாது. ஆகவே முதல் சட்டை வெள்ளை. கோட்டில் கோடு இருந்தால் டை வெறுமையாக இருக்கட்டும், கோட்டு வெறுமை என்றால் டையில் சின்னப் புள்ளியோ சாய்கோடோ வரலாம்.

ரிசப்ஷனில் மணமகள் புடவைக்கும் டைக்கும் ஒரே நிறம் தேடி அலைவது இப்போது ஒரு வியாதி. புடவைத் துணியிலேயே டை தைத்துக்கொள்பவர்களும் உண்டு. அப்படியே ஒத்துப்போனால் பள்ளிக்கூட யூனிபாரம் மாதிரி ஆகிவிடுகிறது. புடவை உடலை விட்டுவிட்டுக் கரையைப் பாருங்கள். மாம்பழ மஞ்சள் உடலில் அரக்குக் கரை என்றால் அரக்கு டை. வாடாமல்லிப் புடவையில் மயில்கழுத்துக் கரை என்றால் கருநீலக் கோட்டின் மேல் மயில்கழுத்து டை எவ்வளவு அழகு தெரியுமா! அந்த நிறத்தை மேல்நாட்டுக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்கவும் முடியாது. பாக்கெட்டில் வைக்கும் கைக்குட்டை டைத் துணியிலேயே இருக்க வேண்டாம். பெட்டியில் ஜோடியாக விற்பதை வாங்காமல், வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை ஒன்றை மடித்து வைத்தால் போதும்.

கட்டும் முறை தெரியாமல், ரப்பர் வைத்த ரெடிமேட் முடிச்சை மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். பள்ளிக்கூடக் குழந்தைக்கு அது சரி. எளிய முடிச்சு ஒன்றைப் பத்து நிமிஷத்தில் பழகலாம். டையைக் கழுத்தில் போட்டு, அகன்ற முனை வலப்பக்கம், குறுகிய முனையைவிட ஓர் அடி தாழ்வாக வரும்படி விடுங்கள். அகன்றதைக் குறுகியதன் மேலே குறுக்காகப் போடுங்கள். அடிவழியாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடியும் முன்பக்கமாகக் குறுக்கே கொண்டு வாருங்கள். இப்போது அதைக் கழுத்து வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுத்து, முன்னால் உண்டான வளையத்துக்குள் மேலிருந்து கீழே நுழைத்து இழுங்கள். குறுகிய முனையைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலே தள்ளினால் முடிந்தது. நுனி பெல்ட்டின் பக்கிளைத் தொட வேண்டும். மேலே நின்றாலோ கீழே இறங்கினாலோ அவிழ்த்து, தொடக்க நீளத்தை மாற்றிக் கட்டுங்கள். மூன்றாம் தடவை சரியாக வந்துவிடும். முடிச்சு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அது குறையல்ல, அந்த முடிச்சின் சுபாவமே அப்படி.

மண்டபத்தில்

புதுக் கோட்டின் பின்பிளவிலும் சில சமயம் தோளிலும் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருக்கும். கையில் கம்பெனிப் பெயர் எழுதிய பட்டி ஒன்று இருக்கும். இவை வழியில் கசங்காமலும் கடையில் அடையாளத்துக்காகவும் வைத்தவை. வீட்டுக்கு வந்ததும் கத்தரித்துவிட வேண்டும். விலை உயர்ந்தது என்று நாலுபேருக்குத் தெரியட்டும் என்று பட்டியை விட்டுவைப்பது, பெயர்ப்பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதற்குச் சமம்.

இரண்டு பொத்தான் கோட்டில் மேலே உள்ளதை மட்டும் போட வேண்டும்; மூன்று பொத்தானில் நடுவிலுள்ளது. கடைசிப் பொத்தான் எப்போதும் திறந்தே இருக்கும். உட்காரும்போது எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாம், எழுந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். சாக்ஸ் பேண்ட் நிறத்தில், உட்கார்ந்தால் கால் தெரியாத உயரத்தில் இருக்கட்டும். கருநீலத்துக்குக் கறுப்பு ஷூ, அதே நிற பெல்ட். பெல்ட்டுக்குத் தாராவித் தோல் கடைகளை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

நம் கல்யாணங்களில் கோட்டுக்கு எதிரிகள் வேறு. முதல் எதிரி மாலை. நனைத்து வைத்த ரோஜா மாலை தோளில் விழுந்தால் சாயம் இறங்கும். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது பன்னீர்ச் செம்பு. பட்டு டையில் ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டம் போட்டுவிடும். மூன்றாவது மொய்க்கவர்! வருகிறவர்கள் கொடுக்கக் கொடுக்க மாப்பிள்ளை கோட்டுப் பையில் திணித்துக்கொண்டே இருப்பார். ஒரு மணி நேரத்தில் இருபுறமும் மூட்டை தொங்கும். புதுக் கோட்டின் வெளிப் பைகளைத் தைத்த நூலைப் பிரிக்காமலே விட்டுவிட்டு, மைத்துனர் கையில் ஒரு பையைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திவிடுவது உத்தமம்.

சாப்பாட்டு இலையில் உட்காரும் முன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, டை நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கு இடையே உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். ரசத்துக்கும் டைக்கும் ஏழாம் பொருத்தம். பட்டுவிட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காமல், வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, மறுநாளே டிரைகிளீனிங்குக்குக் கொடுக்க வேண்டும்.

ஊரில் கல்யாணம் என்றால் கோட்டு இரண்டு ராத்திரி ரயிலில் வர வேண்டும். ஒரு தோளை உட்புறமாகப் புரட்டி, மற்ற தோளை அதற்குள் செருகி, நீளவாக்கில் மடித்து, நடுவில் ஒரு பழைய மல் வேட்டியைச் சுருட்டி வைத்துப் பெட்டியின் மேலாக வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் குளியலறையில் வெந்நீர் ஆவி படும்படி அரைமணி நேரம் தொங்கவிட்டால் சுருக்கம் தானே இறங்கிவிடும். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் கம்பளி பளபளத்துவிடும். மேலே ஈரத்துணி விரித்துத்தான் தேய்க்க வேண்டும்.

பிறகு

அடுத்த பிப்ரவரியில் பார்ப்போம் என்று கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் மாட்டியவர்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழை முடிந்து திறந்து பார்த்தால் காலரில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கும். உடுத்திய மறுநாள் காற்றாட வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, ஒருமுறை டிரைகிளீனிங் கொடுத்து, பழைய பருத்தி வேட்டியில் உறை தைத்து, அகலத் தோள் உள்ள மர ஹேங்கரில் மாட்டுங்கள். கம்பி ஹேங்கர் தோளைக் குலைத்துவிடும். அடிக்கடி டிரைகிளீனிங்கும் வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் பக்ரம் விட்டுக்கொண்டு மார்பில் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். ஐப்பசி வெயில் வந்ததும் நிழற்காற்றில் ஒரு நாள் மாட்டி வைக்கலாம்.

இனி எப்போதும் உடுத்தப் போவதில்லை என்று தெரிந்தால் வாடகைக்கே எடுத்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. சட்டையும் டையும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். கோட்டை வாங்கும்போது அக்குள் லைனிங்கையும் காலர் உட்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து, ஏற்கனவே உள்ள கறையை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது முன்பணத்தில் பிடிக்க ஆரம்பித்தால் காட்டுவதற்கு அந்த ரசீதுதான் இருக்கும்.